எரிமலைச் சரிவில் ஒரு தென்னங்குழி

சென்ற பனிக்காலத்திலிருந்து எங்கள் கம்பனியின் கண்ணாடி வீட்டில் வேலை செய்பவர்கள் எல்லோருடைய சட்டையிலும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி தொங்குகிறது. காற்றில் நஞ்சு கூடினால் அது கத்தும். கூடாவிட்டாலும் கத்தும், பற்றரி குறைந்தால் கத்தும், குளிருக்குள் இருந்து சூட்டுக்குள் வந்தால் கத்தும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு அதைக் கண்டாலே எரிச்சல். நான் ஓய்வுபெற்ற அன்று கேக் வெட்டிவிட்டு நின்றபோது அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "அன்ரி, எல்லாரும் இதைக் கழட்டிக் கழட்டி வைக்கினம். நீங்கள் மட்டும் ஏன் தாலி மாதிரிப் போட்டுக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

"தாலியைக் கழட்டி வைச்சிட்டு நித்திரை கொண்டிருக்கிறன் பிள்ளை. இதைக் கழட்டினதில்லை" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கேக்கும் கையுமாக நின்று சொல்லக்கூடிய கதை அல்ல அது. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

நான் மொன்றியலில் முதலில் பார்த்தது தையல் வேலை. அந்தத் தொழிற்சாலையை மூடியபோது, லாசாலில் பனை வகை மரங்களை வளர்த்து வாடகைக்கு விடும் கம்பனி ஒன்றில் ஆள் தேவை என்று யாரோ சொன்னார்கள். வங்கிகளிலும் ஹொட்டேல்களிலும் பெரிய சாடிகளில் நிற்கும் மரங்களை அவர்கள்தான் கொண்டுபோய் வைப்பார்கள். கிழமைக்கொரு தடவை போய்த் தண்ணீர் ஊற்றி, ஓலை துடைத்து, வாடியதை மாற்றிவிட்டு வருவார்கள். இதைக் கேட்டு என் மனிசன் வயிறு நோகச் சிரித்தார். "ஊரிலை பனைக்கு ஆரப்பா தண்ணி ஊத்தினது? இஞ்சை அதுக்குச் சம்பளமும் தருகினமோ?" என்றார். தந்தார்கள். நான் போனேன்.

பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பனிக்காலத்தில் மரத்தைக் கழுத்திலிருந்து கால்வரை போர்வையால் சுற்றி லொறியில் ஏற்றப் பழகினேன். லொறிக்கும் கட்டட வாசலுக்கும் இடையில் நாலு எட்டுத்தான் இருக்கும். அதற்குள் போர்வை விலகினால் அடுத்த நாள் ஓலை கறுத்துத் தொங்கும். பிரெஞ்சும் பழகினேன், முதலில் போன்ஜூர், பிறகு திட்டு, கடைசியாகத்தான் இலக்கணம்.

எங்களுக்கு மேலே இருந்தவர் மதாம் ஜினெட். உயரமான, எலும்பான மனுசி. குரலை உயர்த்தியதே இல்லை. ஒரு மரம் நோயில் என்று கூப்பிட்டால், வந்து ஓலையைப் பார்க்க மாட்டார். குந்தியிருந்து சாடி மண்ணைக் கிள்ளி மணப்பார், விரலை ஆழமாக விட்டு வைத்திருப்பார். "மரம் வாயால் பொய் சொல்லும், காலால் சொல்லாது" என்பார். நாங்கள் அவசரப்பட்டு எதையாவது வெட்டப் போனால் "அத்தாந்" என்பார். பொறு என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் மேய்த்தார். எனக்கு அவரைப் பிடிக்காது என்று முதல் வருடம் வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

கம்பனியின் பணக்கார வாடிக்கையாளர் ஒருவர் கரீபியன் கடலில் பிரெஞ்சு பேசும் தீவொன்றில் பெரிய காணி வாங்கினார். காணி எரிமலைச் சரிவில் இருந்தது. செத்த எரிமலை அல்ல. உச்சியில் எந்த நேரமும் வெள்ளைப் புகை நிற்கும். உலகத்துப் பனை வகை எல்லாம் அந்தச் சரிவில் வேண்டும் என்பது அவர் ஆசை. கமுகு, தென்னை, விசிறி ஓலைப் பனைகள், அடி பருத்த போத்தல் பனைகள், தண்டு இரத்தச் சிவப்பாக இருக்கும் ஒரு வகை. காசுள்ளவனுக்கு வந்த பைத்தியம், எங்களுக்கு வந்த வேலை. மொன்றியல் பனிக்காலங்களில் தன்னோடு மாதக் கணக்காக அங்கே போய் நிற்க மதாம் ஜினெட் இரண்டு பேரைத் தெரிந்தெடுத்தார். ஒன்று நான். மற்றவர் இரத்தினம் அண்ணை.

இரத்தினம் அண்ணை எங்களோடு கண்ணாடி வீட்டில் வேலை செய்தவர். ஊரில் கிணறு வெட்டியவர், பாழ்கிணறுகளைத் துப்புரவாக்கியவர். மண்வெட்டி பிடித்தால் மண் தானாக எழும்பி வரும். அவருக்கும் சரசக்காவுக்கும் ஒரே பிள்ளை, ரூபன். யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். செத்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. கோட்-டெ-நெய்ஜில் அவர்களுடைய இரண்டறை வீட்டில் ரூபனைப் பற்றிக் கதைக்கும்போது "அவனுக்குக் கத்தரிக்காய் விருப்பமில்லை" என்றுதான் கதைப்பார்கள். "விருப்பமிருக்கேல்லை" என்று நாங்கள் யாராவது வாய் தவறி இறந்தகாலத்தில் சொன்னால் சரசக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா.

நாங்கள் புறப்படுகிற கிழமை சரசக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "பரமேஸ், உவர் சில நேரம் தன்ரை பாட்டிலை கதைப்பார். கதைச்சா விடு. ஆனா தனிய மட்டும் விட்டிடாதை" என்றா. நான் ஓம் என்றேன்.

அந்தத் தோட்டத்தை எப்படிச் சொல்வது? அழகு என்றால் அழகு. கடலைப் பார்த்த சரிவு, மேலே மேகம், மண் கறுப்பு. கன்று வைத்தால் ஒரு மழைக்குள் குருத்து விரியும். மொன்றியலில் ஒரு ஓலைக்கு அரை வருடம் காத்திருந்த எங்களுக்கு அது நம்ப முடியாத வளர்ச்சி. முதல் கிழமை முழுக்க நான் புளுகத்தில், கால் நிலத்தில் படாமல் திரிந்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

காணியின் கீழ்ப் பக்கத்தில் ஒரு பள்ளம். அங்கே நுளம்பு இல்லை. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். பிறகு கவனித்தால், அங்கே தும்பியும் இல்லை, குருவியும் இல்லை, சில்வண்டுச் சத்தம்கூட இல்லை. பள்ளத்தின் விளிம்பில் பழைய காட்டு மரங்கள் கொஞ்சம் நின்றபடியே செத்திருந்தன. முறியவில்லை, புழு அரிக்கவில்லை, பட்டைகூட உரியவில்லை. வேலைக்குப் போன ஆட்கள் பாதி வழியில் நின்றுவிட்ட மாதிரி நின்றன. நாங்கள் தங்கிய வீட்டில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தால் சில நாட்களில் கரண்டி தன்பாட்டில் கிணுகிணுக்கும். நாங்கள் மூவரும் அதைப் பார்ப்போம்.

மதாம் ஜினெட் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தார். கன்று வைக்கும் இடத்தில் முதலில் இரும்புக் கம்பி ஒன்றை ஆழமாக இறக்குவார். கொஞ்ச நேரம் விட்டு இழுத்து, மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குப் பால் சூடு பார்ப்பது போல. சுட்டால் அந்த இடத்தில் மரம் இல்லை. சாம்பல் விழுந்த நாட்களில் வேறு முறை. ஓலையை உலுப்பக் கூடாது, துடைக்கவும் கூடாது. அந்தச் சாம்பல் கண்ணாடித் தூள் மாதிரிக் கீறும். ஏணியில் ஏறிக் குருத்துக்குள்தான் முதலில் தண்ணீர் வார்க்க வேண்டும், மெதுவாக, நிறைந்து வழியும்வரை. குருத்துக்குள் நனைந்த சாம்பல் சீமெந்து போல இறுகினால் மரம் மூச்சு முட்டிச் செத்துவிடும். முழுத் தோட்டத்துக்கும் அப்படி வார்த்துவிட்டு இறங்கும்போது எங்கள் முகம், கை, தலைமயிர் எல்லாம் சாம்பல். "மூண்டு பேரும் சுடலையிலை இருந்து வந்த கோலம்" என்பார் இரத்தினம் அண்ணை. நான் அப்படிக் கதைக்க வேண்டாம் என்று ஏசுவேன்.

மூன்றாவது முறைதான் முக்கியமானது. எரிமலைக்குக் கீழே மண்ணுக்குள்ளிருந்து காபனீரொட்சைட்டு கசிகிறது. நாங்கள் மூச்சு விடும்போது வெளியே போகிற அதே வாயு. நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடப் பாரமானதால் தண்ணீர் மாதிரிப் பள்ளம் தேடி ஓடித் தேங்கும். தேங்கிய இடத்தில் நெருப்பும் நிற்காது, உயிரும் நிற்காது. வாயு அளக்கும் கருவி ஒன்று கொண்டுபோனோம். சாம்பல் புகுந்து முதல் மாதமே அது செத்துவிட்டது. அதனால் மதாம் தன் சிகரெட் லைட்டரைப் பாவித்தார். புது இடத்தில் கால் வைக்குமுன் தலை உயரத்தில் ஒருமுறை தட்டுவார், பிறகு இடுப்பு, பிறகு முழங்கால், பிறகு கணுக்கால். தலைக்கு நேரே நன்றாக எரிகிற சுடர் முழங்காலுக்குக் கீழே போனதும், யாரோ ஊதியது போல நூர்ந்துவிடும். பட்டப்பகலில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் அது நூர்வதைக் கண்டால் நான் ஓரடி பின்னால் எடுத்து வைப்பேன்.

அவர் போட்ட சட்டம் இரண்டு. கடல் காற்று எழும்புமுன் கீழ்ப் பக்கத்தில் ஒருவரும் வேலை செய்யக் கூடாது; இரவு முழுக்கத் தேங்கியதைக் காற்றுத்தான் வந்து கூட்டித் தள்ளும். இரண்டாவது, கீழே விழுந்தவரை எடுக்க யாரும் இறங்கக் கூடாது. "இப்படியான இடத்தில் முதலில் செத்தவன் ஒருவன் என்றால், அவனை எடுக்கப் போய்ச் செத்தவர்கள் இரண்டு பேராக இருக்கும்" என்றார்.

தீவின் வேலையாட்கள் முதலாவது சட்டத்தைச் சொல்லாமலே செய்தார்கள். வெயில் ஏறி, காற்று வந்த பிறகுதான் தோட்டத்துக்குள் கால் வைப்பார்கள். எங்களுக்கு அது பொறுக்கவில்லை. நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். நிலம் வெளிக்குமுன் எழும்பாதவனை மனிசரிலேயே சேர்ப்பதில்லை. இரத்தினம் அண்ணை ஒருநாள் எங்கள் சமையல்காரி ஒதெத்திடம் என்னை வைத்துக் கேட்டார், ஏன் உங்கள் ஆட்களுக்கு இவ்வளவு சோம்பல் என்று. ஒதெத் வெங்காயம் உரித்துக்கொண்டே, "வெள்ளன எழும்பினவர்களுடைய பிள்ளைகள் யாரும் இங்கே இல்லை, அதனால் எங்களுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை" என்றாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரச்சினை குழியில்தான் தொடங்கியது. மதாம் கன்றுகளை மேடு கட்டி அதன்மேல் நட்டார். வாயு தேங்காமல் இருக்க அதுதான் வழி. ஆனால் மழை இல்லாத மாதங்களில் அந்தச் சாம்பல் மண் தண்ணீரைப் பிடிக்கவில்லை. மேட்டில் நின்ற தென்னங்கன்றுகள் மஞ்சளாகின. இரத்தினம் அண்ணைக்கு அந்த மேடுகளைப் பார்க்கவே சகிக்கவில்லை.

"தென்னையைப் பாடை மாதிரி மேலை தூக்கி வைச்சா அது எப்பிடிப் பிள்ளை வரும்? ஆழக் குழி வெட்டி, தேங்காய் உரிமட்டை அடுக்கி, அதுக்குள்ளை வைக்க வேணும். சொல்லு அவவுக்கு."

சொன்னேன். மதாம் மேட்டு மண்ணைக் கிள்ளி மணந்துவிட்டு, முழங்கால் ஆழத்துக்குச் சம்மதித்தார். அதற்கும் கீழ்ச்சரிவுப் பக்கத்தில் ஒரு வாய் வெட்டிவிட வேண்டும், வாயு வடிந்து ஓட. "வாய் வெட்டின குழி ஓட்டைப் பானை. தண்ணி எப்பிடி நிக்கும்?" என்று புறுபுறுத்துக்கொண்டே அவரும் வெட்டினார். கன்றுகள் பச்சை பிடித்தன. எல்லோருக்கும் சந்தோசம்.

பிறகு ஒருநாள் அவர் மதாமிடம் தானே போய், தெரிந்த பிரெஞ்சில், ஒரு குழி தனக்கு வேண்டும் என்று கேட்டார். தன் மகன் பேரில் ஒரு கன்று வைக்க. மதாம் என்னைப் பார்த்தார். நான் ரூபனின் கதையைச் சொன்னேன். மதாம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. "எங்கே வேண்டுமோ அங்கே வெட்டச் சொல். வாயை மறக்க வேண்டாம்" என்றார்.

இரத்தினம் அண்ணை தெரிந்தெடுத்த இடம் தோட்டத்தின் கீழ் எல்லை. அங்கேதான் மண் ஆழம், கடல் நேரே தெரியும். நெஞ்சளவு ஆழத்துக்கு வெட்டினார், ஊரில் வெட்டுகிற மாதிரி, நாலு பக்கமும் செங்குத்தாக. ஆள் சுகமாக ஏறி இறங்க ஒரு மூலையில் இரண்டு படி வைத்தார். வாயை நட்ட பிறகு வெட்டலாம் என்றார். அன்று பின்னேரம் குழி விளிம்பில் இருந்து என்னிடம் சொன்னார்:

"நாளைக்கு விடியக்காலமை நல்ல நேரம் கிடக்கு. குழிக்குள்ளை விளக்கு வைச்சுத்தான் தென்னங்கண்டை நடப்போறன். ஆருக்கும் சொல்லாதை, சரசுவுக்கும் சொல்லேல்லை. நேர்ந்திருக்கிறன். கண்டு வைச்சு மண் போடுமட்டும் விளக்கு நிண்டு எரிஞ்சா, பெடியன் எங்கையோ இருக்கிறான்."

"எரியாட்டி?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "காத்து எழும்பின பிறகு வையுங்கோவன் அண்ணை" என்றேன்.

"காத்துக்கை விளக்கு நிக்குமோ, விசர்க் கதை கதைக்கிறாய்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திறந்த வெளியில் விளக்கு எரிய வேண்டுமென்றால் காற்று இல்லாத நேரம் வேண்டும். இந்தச் சரிவில் காற்று இல்லாத நேரம்தான் குழி நிறைந்திருக்கும் நேரம். இரண்டையும் சேர்த்து நான் யோசித்தது இரவு படுக்கையில் கிடந்தபோதுதான். விடியுமுன் எழும்பி மதாமின் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு, அவர் சப்பாத்துப் போடும்வரை காத்திராமல் இறங்கி ஓடினேன்.

வானம் வெளித்துக்கொண்டிருந்தது. ஓர் ஓலை அசையவில்லை. நூற்றுக்கணக்கான மரங்கள், ஒன்றும் அசையவில்லை. என் செருப்புச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. வழியில் மற்றக் குழி ஒன்றுக்குள் இரண்டு தவளைகள் கிடந்தன. காயமில்லை, கண் திறந்திருந்தது, பாய்வதற்குக் குந்திய மாதிரியே கிடந்தன.

இரத்தினம் அண்ணை முழுகி, வேட்டி கட்டி, திருநீறு பூசிக் குழி விளிம்பில் குந்தியிருந்தார். ஒரு தகரத் தட்டில் சிட்டி விளக்கை வைத்து நூல் கட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். விளிம்புக்குச் சற்றுக் கீழே போனதும் சுடர் குறுகி, நீண்டு, திரியை விட்டு எழும்பின மாதிரி நின்று, நூர்ந்தது. அவர் மேலே இழுத்துத் திரும்பக் கொளுத்தி இறக்கினார். அதே இடத்தில் நூர்ந்தது. மூன்றாம் தடவையும் நூர்ந்தது.

"அண்ணை, விடுங்கோ. வாயு நிக்குது" என்றேன்.

"தெரியும் பிள்ளை." அவர் என்னைப் பார்க்கவில்லை. "எத்தினை கிணத்துக்கை லாம்பு இறக்கியிருக்கிறன். நூந்தா இறங்கக் கூடாதெண்டு நானெல்லோ மற்றவைக்குச் சொல்லுறனான்."

"அப்ப எழும்புங்கோ."

"நூந்ததோடை விட்டிட்டு எப்பிடிப் பிள்ளை எழும்பிறது?" என்றார். "கீழை வைச்சுக் கொளுத்திப்போட்டு வாறன். மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இறங்கினாச் சரி."

நான் கையைப் பிடிக்கப் பாய்ந்தேன். எட்டவில்லை. இரண்டு படியும் இறங்கிவிட்டார். குழிக்குள் முழங்காலில் இருந்து, விளக்கை நடுவில் வைத்து நெருப்புக்குச்சி உரசினார். தலை சீறியது, குச்சி பிடிக்கவில்லை. இன்னொன்று உரசினார். அதுவும் பிடிக்கவில்லை. அந்தக் குச்சியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஆச்சரியமாகப் பார்த்தார். அதற்குள், பிடித்திருந்த மூச்சை விட்டிருக்க வேண்டும். நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. பிறகு தலையை ஒரு பக்கம் சரித்தார், யாரோ கூப்பிட்டதைக் கேட்கிற மாதிரி. ரெலிபோனில் கதைப்பவர் போல "ஓம், ஓம்" என்று வாய் அசைந்தது. சத்தம் இல்லை. ஒருதரம் சிரித்தார். பிறகு மெல்ல, படுக்கைக்குப் போகிற மாதிரி, பக்கவாட்டில் சாய்ந்தார்.

எனக்குச் சட்டம் எல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்தது ஒன்றும் அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை. நெஞ்சளவுக் குழி. கை நீட்டினால் தொடக்கூடிய தூரம். தெரிந்த மனிசன். தனியே விடாதை என்று ஒருத்தி சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் முதலாம் படியில் கால் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து என் கொண்டையைப் பிடித்து ஒரு இழுவை. நான் மல்லாந்து விழுந்தேன். மதாம் ஜினெட் என் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, வழமையான அதே மெல்லிய குரலில் சொன்னார்: "அத்தாந்."

அந்தச் சொல்லை நான் அதற்குமுன் ஒருநாளும் அவ்வளவு வெறுத்தது இல்லை. தமிழில் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்.

அவர் எழும்பி, காய்ந்த ஓலை இழுக்கும் கொக்கத்தடியைத் தூக்கி என் கையில் தந்தார். "அக்குளில் கொழுவித் தலையைத் தூக்கு. குனியாதே." கொழுவினேன். இரத்தினம் அண்ணையின் உடம்பு பாறாங்கல். தலை மண்ணை விட்டு எழும்பியது, விளிம்புவரை வரவில்லை. கையை விட்டால் திரும்ப அடிக்குப் போய்விடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து நின்றேன். மதாம் ஒரு பக்கமாக நின்று, கீழ்ச்சரிவுச் சுவரைப் பிக்காசால் கொத்தத் தொடங்கினார். வெட்டாமல் விட்ட வாயை அவர் வெட்டினார். என் கத்தலைக் கேட்டு, காற்று வராமல் தோட்டத்துக்குள் கால் வைக்காத ஒதெத் இறங்கி ஓடி வந்தாள். பெரிய பச்சை ஓலை ஒன்றை எடுத்துக் குழிக்குள் விட்டு அடி அடி என்று அடித்தாள்.

சுவர் சரிந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சற்றுக் கீழே ஒரு கல்லின் மேல் நின்ற ஓணான் திடீரென்று தலையைத் தூக்கி, இரண்டு அடி ஓடி, அப்படியே உருண்டு விழுந்தது. குழியில் இருந்தது எங்களைக் கடந்து போகிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மதாம் குப்புறப் படுத்துக் கையை நீட்டி லைட்டரைத் தட்டினார். நூர்ந்தது. தட்டினார். நூர்ந்தது. என் தோள் கழன்று விழும்போல இருந்தது. இரத்தினம் அண்ணையின் முகம் எனக்கு நேரே கீழே, சாந்தமாக, அந்தச் சிரிப்பு இன்னும் போகாமல் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் கடலைப் பார்த்தேன். திரும்பத் தட்டியபோது சுடர் நின்றது. அவர் கையை இன்னும் இறக்கினார். நின்றது.

"இப்போ" என்று சொல்லி அவரே முதலில் குதித்தார்.

மூன்று பெண்களும் சேர்ந்து அவரை எப்படி வெளியே எடுத்தோம் என்று எனக்கு இன்றுவரை ஒழுங்காக ஞாபகம் இல்லை. அவர் தொண்டைக்குள் ஒரு கரகரப்புச் சத்தம் வந்தது மட்டும் ஞாபகம். உயிர் இருந்தது. நான் குழிக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்தேன். விளக்கு சரிந்து எண்ணெய் மண்ணில் ஊறியிருந்தது. சுற்றிவரக் கிடந்த குச்சிகளில் ஒன்றுகூடத் தலைக்குக் கீழே கருகவில்லை.

அந்தக் குழியை மதாம் அன்றே மூடுவித்து, அதன்மேல் மேடு கட்டி, இரத்தினம் அண்ணை தெரிந்து வைத்திருந்த கன்றைத் தன் கையால் நட்டார். அடுத்த பனிக்காலம் என்னைக் கேட்டார்கள். நான் தீவுக்குப் போகவில்லை. கன்று பிழைத்ததா என்று மதாமிடம் நான் கேட்டதில்லை. கேட்கப் பயம். அவரும் தானாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் வருடக் கணக்காக ஒன்றாக வேலை செய்தோம். அவர் என் கொண்டையைப் பார்த்து, "நல்ல பலமான மயிர்" என்று மட்டும் ஒருதரம் சொன்னார்.

இரத்தினம் அண்ணையைத் தீவின் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பயணம் செய்யலாம் என்றதும் மொன்றியலுக்குக் கொண்டுவந்தோம். இங்கேயும் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது சரசக்கா கட்டில் கரையில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தா. தோட்டத்தில் மயங்கி விழுந்தார் என்பதற்கு மேல் நான் அவவுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. குழியும் தெரியாது, நேர்த்தியும் தெரியாது.

என்னைக் கண்டதும் அவர் எழும்பி இருக்கப் பார்த்தார். குரல் அடைத்திருந்தது.

"பரமேஸ், எனக்கு நூலிலை இறக்கினது மட்டும்தான் ஞாபகம் கிடக்கு. அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. பெடியனுக்கு வைச்ச விளக்கு பேந்து எரிஞ்சதோ?"

சரசக்காவின் கை நின்றது. தோடம்பழச் சுளை விரலில் இருந்தது. என்ன விளக்கு என்று அவ கேட்கவில்லை. பெடியன் என்றதும் அவவுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எரிஞ்சது அண்ணை" என்றேன். "உங்களைத் தூக்கேக்கையும் எரிஞ்சுகொண்டுதான் கிடந்தது."

அவர் முகம் ஒரு கணம் தெளிந்தது. கண்ணை மூடினார். பிறகு திறந்தார். கிணற்றுக்காரர் அல்லவா? நான் அதை யோசிக்கவில்லை.

"எரிஞ்சதெண்டா," என்று மெதுவாகக் கேட்டார், "நான் ஏன் பிள்ளை விழுந்தனான்?"

அவர் என் முகத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மண் சரிஞ்சது" என்றா சரசக்கா.

அந்தத் தீவைக் கண்டிராத மனுசி. சுளையை அவர் வாயில் வைத்து, சீலைத் தலைப்பால் அவர் நாடியைத் துடைத்தா. குரல் அசையவில்லை. "மண் சரிஞ்சுதான் விழுந்தனீங்கள். விளக்கு எரிஞ்சது. இவள் எனக்கு அண்டைக்கே சொன்னவள்." பிறகு என் பக்கம் திரும்பினா. அந்தக் கண்ணை நான் எங்கே போனாலும் மறக்க மாட்டேன்.

"என்ன பரமேஸ், மண்தானே சரிஞ்சது?"

"ஓம் அக்கா," என்றேன், "மண்தான்."